வயிற்றுக்கும் ஒரு நேரம் ஒதுக்குவோம்

வியாபாரத்தில் கால் வைக்கும் எவரும் முதலில் கற்றுக்கொள்ளும் பாடம் ஒன்று உண்டு. பழைய சரக்கு இறங்காமல் புதுச் சரக்கை அதன் மேல் அடுக்கக் கூடாது. அடுக்கினால் அடியில் இருப்பது வண்டு பிடிக்கும். மேலே இருப்பதும் கெடும். கிட்டங்கியில் இந்த விதியை ஒரு நாளும் மீறாத நாம், நம் வயிற்றில் மட்டும் அன்றாடம் மீறிக்கொண்டிருக்கிறோம். அதனால் வரும் எரிச்சலுக்கும் உப்புசத்துக்கும் ஒரு மாத்திரையை விழுங்கிவிட்டு மறுபடியும் கல்லாவில் உட்கார்ந்துவிடுகிறோம்.

சங்கக் கூட்டங்களில் நாம் ஜி.எஸ்.டி. பற்றிப் பேசுகிறோம். உணவுப் பாதுகாப்பு உரிமம் பற்றியும், எடைக்கல் முத்திரை பற்றியும், கடை வாடகை பற்றியும் பேசுகிறோம். எல்லாம் பேச வேண்டியவைதான். ஆனால் கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போது நம்மவர்கள் தனியே பேசிக்கொள்வது என்ன? ஒருவருக்கு நெஞ்செரிச்சல். இன்னொருவருக்கு மலச்சிக்கல். மூன்றாமவருக்கு மூலம். மேடையில் பேசப்படாத இந்தப் பேச்சை மேடைக்குக் கொண்டுவர வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம். வணிகர்களின் வயிற்றைக் கெடுப்பதில் சாப்பாட்டை விடச் சாப்பிடும் நேரத்துக்கே பெரிய பங்கு என்பது நம் கருத்து. இந்த நேரக்கேட்டைத் தனி ஒருவர் சரிசெய்வது கடினம். நாம் சேர்ந்துதான் சரிசெய்ய வேண்டும்.

ஒரு நாள் கணக்கு

நம்மில் பெரும்பாலோரின் ஒரு நாளைக் கணக்கெழுதிப் பார்ப்போம். விடியுமுன் கொள்முதலுக்குப் போவோர் வெறும் வயிற்றில் ஒரு டீயுடன் கிளம்புகிறார்கள். கடை திறந்து, காலைக் கூட்டம் ஓய்ந்து, இட்லி வாயில் விழும்போது மணி பத்தரை. மதியச் சாப்பாடு வீட்டிலிருந்து ஒரு மணிக்கே வந்துவிடும். ஆனால் அந்த நேரத்தில்தான் லைன் வசூலுக்கு ஆள் வருவார். சரக்கு இறக்க வண்டி வரும். “அண்ணாச்சி, ஒரு கிலோ துவரம்பருப்பு” என்று வாடிக்கையாளர் நிற்பார். தூக்குவாளி திறக்கப்படுவது மூன்றரைக்கு. அதுவும் ஒரு கை சோற்றில், மறு கை சில்லறையில். இரவு பத்துக்குக் கதவைச் சாத்தி, கணக்கு முடித்து, வீடு போய், பகலெல்லாம் விட்ட சாப்பாட்டை ஒரே தடவையில் சாப்பிட்டு, சாப்பிட்ட கையோடு படுத்துவிடுகிறோம்.

இடையில் ஓடுவது டீ. ஒரு டீக்கு இரண்டு சிறு கரண்டி சர்க்கரை, அதாவது சுமார் எட்டு கிராம். நாளைக்கு ஆறு டீ என்றால் 48 கிராம். 2,000 கலோரி உண்பவர் ஒருவருக்குச் சேர்த்த சர்க்கரை 50 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பாதியாகக் குறைத்தால் இன்னும் நல்லது என்கிறது. நமக்கு டீயிலேயே அந்த ஒதுக்கீடு முடிந்துபோகிறது. ஆண்டுக்குக் கணக்குப் போட்டால் பதினேழரை கிலோ. ஐம்பது கிலோ மூட்டையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நாமே டீயாகக் குடித்துவிடுகிறோம். விற்றிருந்தால் லாபமாவது கிடைத்திருக்கும்!

வயிறு வேலை செய்யும் முறை

இரைப்பை ஒரு நாளில் ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் வரை செரிமான நீரைச் சுரக்கிறது. சாப்பாட்டின் வாசனை மூக்கில் பட்டவுடனேயே அந்தச் சுரப்பு தொடங்கிவிடும். டீயும் அதைத் தூண்டக்கூடியது. வயிற்றில் சோறு இருந்தால் அமிலத்துக்கு வேலை இருக்கும். வெறும் வயிற்றில் டீ மேல் டீயாகப் போனால் சுரந்த அமிலத்தைத் தாங்க அங்கே எதுவும் இல்லை. பலருக்கு எரிச்சல் தெரிகிறது.

ஒரு முழுச் சாப்பாடு இரைப்பையை விட்டு இறங்கச் சுமார் நான்கு மணி நேரம் பிடிக்கும். இரவு பத்தரைக்கு வயிறு நிறையச் சாப்பிட்டுப் பதினொன்றுக்குப் படுத்தால் சாப்பாடு அப்படியே கிடக்கிறது. நிமிர்ந்திருக்கும்போது கீழே நிற்கும் அமிலம், படுத்தவுடன் எளிதாக உணவுக்குழாய்க்கு ஏறுகிறது. நடு இரவில் தொண்டை வரை புளித்து வருவதற்குக் காரணம் இதுவே. சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் இடையில் இரண்டு மூன்று மணி நேரம் இருக்க வேண்டும் என்று மருத்துவர்கள் சொல்வதும் இதனால்தான்.

பத்து மணிக்குக் கடை சாத்துபவர் அந்த இடைவெளிக்கு எங்கே போவார் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. விடை எளிது. இரவுச் சாப்பாட்டை எட்டு மணிக்குக் கடைக்கே வரவழைக்கலாம். இரண்டு இட்லியோ ஒரு தோசையோ போதும். முடியாதவர்கள் மதியச் சாப்பாட்டை நேரத்தில் சாப்பிட்டுவிட்டு இரவுச் சாப்பாட்டைப் பாதியாக்கலாம். வீட்டுக்குச் செல்லும் வழியில் பத்து நிமிடம் நடந்து போகலாம். கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்கு அரையடி உயரக் கட்டை வைத்தாலும் அமிலம் ஏறுவது குறையும்.

இன்னொன்று, மெல்லுவது. ‘நொறுங்கத் தின்றால் நூறு வயது’ என்று சும்மா சொல்லி வைக்கவில்லை. சோற்றின் மாவுச்சத்தைச் செரிக்கும் வேலை உமிழ்நீரில்தான் தொடங்குகிறது. ஐந்து நிமிடத்தில் அள்ளிப் போடுகிறவர் சோற்றோடு காற்றையும் விழுங்குகிறார். பிறகு ஏப்பம் வந்தால் சாம்பாரைக் குறை சொல்கிறார்.

அடக்கி வைக்கும் பழக்கம்

காலையில் ஏதாவது சாப்பிட்டவுடன் பெருங்குடல் அசையத் தொடங்குவது இயற்கை. அந்த அழைப்பு வரும் நேரம் நமக்குக் காலைக் கூட்டத்தின் நேரம். கடையில் கழிப்பறை கிடையாது. ஆகவே அடக்குகிறோம். பெருங்குடலின் வேலைகளில் ஒன்று நீரை உறிஞ்சுவது. தாமதிக்கத் தாமதிக்க மலம் இறுகும். தினமும் அடக்கினால் அந்த உணர்வே மழுங்கிவிடும். பிறகு முக்குவதும், மூலமும், வெடிப்பும் வரிசையாக வருகின்றன. இதோடு கழிப்பறை இல்லை என்பதற்காகத் தண்ணீரையும் குறைத்துக்கொள்கிறோம். வெயில் காலத்தில் தகரக் கூரையின் கீழ் உட்கார்ந்துகொண்டு தண்ணீரைக் குறைப்பவருக்கு மலச்சிக்கலோடு சிறுநீரகக் கல்லும் வரலாம்.

ஆண்களாவது எங்காவது ஒதுங்கிவிடுகிறார்கள். நம் கடைகளில் வேலை செய்யும் பெண்களின் நிலையும், தாமே கடை நடத்தும் சகோதரிகளின் நிலையும் என்ன? காலை ஒன்பது முதல் இரவு வரை தண்ணீர் குடிக்காமலே பொழுதை ஓட்டுகிறார்கள். இது வெளியே சொல்லக் கூச்சப்படும் விஷயமாக இருக்கலாம். ஆனால் சங்கம் பேசாவிட்டால் வேறு யார் பேசுவார்கள்?

தினமும் எழுந்தவுடன் இரண்டு டம்ளர் தண்ணீர். கடைக்குக் கிளம்புமுன் ஒரு வாழைப்பழமாவது உண்டு, பத்து நிமிடம் வீட்டிலேயே அவசரமில்லாமல் கழிப்பறைக்கு ஒதுக்குவது. கல்லாவை விட்டு மணிக்கொரு முறை எழுந்து கடைக்குள்ளேயே நாலு நடை நடப்பது. இவற்றுக்குச் செலவு ஒரு வாழைப்பழத்தின் விலைதான்.

விற்பதை நாமும் உண்போம்

‘வைத்தியனுக்குக் கொடுப்பதை வாணியனுக்குக் கொடு’ என்பது பழமொழி. அந்த வாணியர் வரிசையில் இன்று நிற்பவர்கள் நாம். ஆனால் நாமே வைத்தியரிடம் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

நார்ச்சத்து ஒரு நாளைக்குக் குறைந்தது 25 கிராம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017 இல் வெளியிட்ட உணவுச் சத்து அட்டவணையின்படி, தீட்டிய அரிசி 100 கிராமில் நார்ச்சத்து 3 கிராம்கூட இல்லை. கேழ்வரகில் சுமார் 11 கிராம் இருக்கிறது. முழுக் கொண்டைக்கடலையில் 20 கிராமுக்கு மேல். ‘நல்ல வெள்ளை அரிசியாகக் கொடுங்கள்’ என்று கேட்கும் வாடிக்கையாளருக்கு நாம் கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் நம் வீட்டு உலையில் எதைப் போடுவது என்பது நம் கையில் இருக்கிறது. கேழ்வரகும், கம்பும், பச்சைப்பயறும், சுண்டலும் நம் அலமாரியிலேயே இருக்கின்றன. பிற்பகல் பசிக்கு வடையும் பிஸ்கட்டும் வாங்குவதற்குப் பதில் ஒரு கிண்ணம் சுண்டல் வைத்துக்கொள்வதில் என்ன கஷ்டம்?

நார்ச்சத்தை நம் குடல் செரிப்பதில்லை. பெருங்குடலில் குடியிருக்கும் கோடானு கோடி நுண்ணுயிர்கள் அதைப் புளிக்கவைத்துக் குடற்சுவருக்கே உணவாகும் அமிலங்களாக மாற்றித் தருகின்றன. குடலின் நலம் இந்தக் குடித்தனக்காரர்களைப் பொறுத்தது. தயிரிலும் மோரிலும் பழைய சோற்றிலும் பாலைப் புளிக்கவைக்கும் இனத்தைச் சேர்ந்த நல்ல நுண்ணுயிர்கள் உண்டு. காலையில் பழையதும் மோரும் சின்ன வெங்காயமும் உண்ட தலைமுறை, அறிவியல் தெரிந்து அதைச் செய்யவில்லை, இருந்ததை உண்டது. அது நல்லதாகவே அமைந்தது. நாலாவது டீக்குப் பதில் ஒரு டம்ளர் நீர்மோர் குடித்தால், எட்டு கிராம் சர்க்கரை மிச்சம். தண்ணீரும் உள்ளே போகும். உப்பை மட்டும் கொஞ்சமாகப் போட்டுக்கொள்ள வேண்டும்.

ஒரு நாளில் நாரைக் கூட்டிவிடக் கூடாது. கூட்டினால் உப்புசம் வரும். இரண்டு மூன்று வாரத்தில் படிப்படியாகக் கூட்ட வேண்டும். தண்ணீரையும் சேர்த்துக் கூட்ட வேண்டும். இசப்கோல் உமியும் இப்படித்தான். நம் சீரகத்துக்கு விலை பேசும் குஜராத்தின் உஞ்சா சந்தைதான் இசப்கோலுக்கும் பெரிய சந்தை. அதை நிறையத் தண்ணீரோடு உண்டால் மலத்தை இளக்கும். தண்ணீர் இல்லாமல் உண்டால் தொண்டையிலோ குடலிலோ அடைத்துக்கொள்ளும்.

சீரகம், ஓமம், பெருங்காயம், சுக்கு இவற்றின் பெருமையை வணிகர்களுக்கு நாம் சொல்லத் தேவையில்லை. சாப்பாட்டுக்குப் பின் சீரக நீர் குடிப்பதால் கெடுதல் இல்லை. இஞ்சி குமட்டலைத் தணிப்பதை மருத்துவ உலகமும் ஏற்கிறது. ஆனால் தினமும் மூன்றரைக்கு மதியச் சாப்பாடு சாப்பிடுகிறவரை ஓமம் காப்பாற்றாது. நேரம் சரியாக இருந்தால் ஓமம் துணை நிற்கும். அவ்வளவுதான்.

மாத்திரைப் பட்டை

நம் கல்லாப்பெட்டிக்குள் பத்து ரூபாய்க் கட்டுக்குப் பக்கத்தில் ஒரு மாத்திரைப் பட்டை இருக்கிறது. அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை. மருத்துவர் குறிப்பிட்ட காலத்துக்கு எழுதித் தந்தால் அது நல்ல மருந்து. ஆனால் ஆறு மாதம், ஒரு வருடம் என்று நாமே தொடர்ந்தால் உடலில் பி12 வைட்டமினும் மக்னீசியமும் குறையக்கூடும். திடீரென்று நிறுத்தினால் அமிலம் முன்னை விட அதிகமாகச் சுரந்து மறுபடி மாத்திரையைத் தேட வைக்கும். நுரைத்து வரும் பொட்டலப் பொடியிலும் சோடா உப்பு இருப்பதால் இரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் அதை அடிக்கடி குடிப்பது சரியல்ல.

இதைவிடக் கவனிக்க வேண்டியது வலி மாத்திரை. மூட்டை தூக்கி முதுகு வலி, நின்று நின்று முழங்கால் வலி. மருந்துக் கடையில் கேட்டு வாங்கி வெறும் வயிற்றில் போட்டுக்கொள்கிறோம். டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென், ஆஸ்பிரின் போன்ற மாத்திரைகள் இரைப்பையின் உட்சுவரைக் காக்கும் பாதுகாப்பைக் குறைத்து, புண்ணையும் இரத்தக் கசிவையும் உண்டாக்கக்கூடியவை. மூட்டை தூக்கும் தொழிலாளர்களுக்கும் இதைச் சொல்லி வைப்பது நம் கடமை.

வயிற்றுப் புண்ணுக்குக் கவலையும் காரமும்தான் காரணம் என்று ஒரு காலத்தில் மருத்துவர்களே நம்பினார்கள். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரன், பாரி மார்ஷல் என்ற இருவர் 1982 இல் அதற்குப் பின்னால் ஒரு கிருமி இருப்பதைக் கண்டார்கள். உலகம் நம்பவில்லை. 1984 இல் மார்ஷல் அந்தக் கிருமி வளர்ந்த கரைசலைத் தாமே குடித்து, தம் இரைப்பையில் அழற்சி உண்டானதைப் பரிசோதனையில் காட்டினார். 2005 இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. இன்று அந்தக் கிருமியைப் பரிசோதனையில் கண்டறியலாம். பத்துப் பதினான்கு நாள் மருந்தில் ஒழிக்கலாம். ஆகவே புண்ணுக்கு ஆண்டுக்கணக்கில் அமில மாத்திரை விழுங்குவதை விட, ஒரு நாள் கடையைப் பையனிடம் விட்டுவிட்டு மருத்துவரிடம் போவது மேல்.

‘கேஸ்’ என்று ஒதுக்காதீர்கள்

இந்தக் கட்டுரையில் மற்றதை எல்லாம் மறந்தாலும் இந்தப் பத்தியை மறக்க வேண்டாம். நெஞ்சில் அழுத்தம், இடது தோளுக்கோ தாடைக்கோ பரவும் வலி, வியர்த்துக் கொட்டுதல், மூச்சு வாங்குதல் ஆகியவை வந்தால் அது வாயுப் பிடிப்பு என்று எண்ணி ஒரு சோடாவை உடைத்துக் குடித்துவிட்டு வியாபாரத்தைத் தொடரக் கூடாது. மாரடைப்பும் இப்படித்தான் தொடங்கும். சர்க்கரை வியாதி உள்ளவர்களுக்கு வலி இல்லாமலும், வெறும் மேல்வயிற்று எரிச்சலாகவும் வரலாம். கல்லாவைப் பூட்டக்கூட நேரம் எடுத்துக்கொள்ளாமல் 108 ஐ அழைக்க வேண்டும். அது கேஸாகவே இருந்துவிட்டால் நஷ்டம் அரை நாள் வியாபாரம்தான்.

கறுப்பு நிறத்தில் மலம், இரத்த வாந்தி, காரணமில்லாமல் எடை குறைதல், விழுங்கச் சிரமம், மலத்தில் இரத்தம், நடு வயதுக்குமேல் மலம் கழிக்கும் பழக்கத்தில் திடீர் மாற்றம் ஆகியவையும் அப்படியே. இவற்றை மூலம் என்றோ சூடு என்றோ நாமே தீர்ப்புச் சொல்லிக்கொள்ளக் கூடாது.

சங்கம் செய்ய வேண்டியது

தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947, கடையில் வேலை செய்பவரை நான்கு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்கக் கூடாது, இடையில் ஒரு மணி நேரம் ஓய்வு தர வேண்டும் என்கிறது. 2021 இல் வந்த திருத்தம் அவர்கள் உட்கார இருக்கையும் தரச் சொன்னது. கடைப் பையனுக்குச் சட்டம் இருக்கிறது. முதலாளிக்கு யாரும் சட்டம் போடவில்லை. அதனால் முதலாளி சாப்பிடுவதில்லை. அவர் சாப்பிடாததால் பையனும் சாப்பிடத் தயங்குகிறான்.

ஏன் நாம் எழுந்து போவதில்லை? நாம் சாத்தினால் பக்கத்துக் கடைக்கு வாடிக்கையாளர் போய்விடுவார் என்ற பயம். பக்கத்துக் கடைக்காரருக்கும் நம்மைப் பற்றி அதே பயம். இருவரும் பட்டினி. இந்த முடிச்சை அவிழ்க்கச் சங்கத்தால்தான் முடியும்.

நம் யோசனை இதுதான். ஒவ்வொரு கடைவீதியிலும் பிற்பகல் ஒன்றரை முதல் இரண்டு மணி வரை உணவு இடைவேளை என்று சங்கம் முடிவு செய்யட்டும். அந்த அரை மணியில் மொத்த வியாபாரிகள் வசூலுக்கு ஆள் அனுப்புவதில்லை, சரக்கு வண்டி அனுப்புவதில்லை என்று ஒப்புக்கொள்ளட்டும். முழுக்கச் சாத்த முடியாத வீதிகளில் எதிரெதிர்க் கடைகள் முறை வைத்துக்கொள்ளட்டும். ஒருவர் சாப்பிட மற்றவர் பார்த்துக்கொள்ளட்டும். சந்தைக்கொரு கழிப்பறை, பெண்களுக்குத் தனியாக, தண்ணீர் வசதியோடு வேண்டும் என்று நகராட்சியிடம் எழுதிக் கேட்போம். அதுவரை சங்கக் கட்டடத்தின் கழிப்பறையைப் பகல் முழுதும் திறந்து வைப்போம். ஆண்டுக்கொரு முறை உறுப்பினர்களுக்கும் பணியாளர்களுக்கும் மருத்துவ முகாம் நடத்துவோம்.

பெரிய அங்காடிகள் இருபத்து நான்கு மணி நேரமும் திறந்திருக்கின்றனவே, இப்போது போய் அரை மணி சாத்துவதா என்று சிலர் கேட்பார்கள். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடைகளுக்கு 2019 முதல் அந்த அனுமதி உண்டு என்பது உண்மைதான். ஆனால் அங்கே ஷிப்டு முறை இருக்கிறது. ஒருவர் போனால் இன்னொருவர் வருவார். நம்மிடம் இருப்பது ஒரே ஒரு உடல். அதற்கு மாற்று ஆள் கிடையாது. கடன் சொல்லி வாங்கும், பெயர் சொல்லி அழைக்கும் நம் வாடிக்கையாளர், ‘அண்ணாச்சி சாப்பிடுகிறார், இரண்டு மணிக்கு வருவோம்’ என்று அரை மணி பொறுப்பார். பொறுக்காதவர் ஒருவர் இருவரை இழந்தாலும் அது நம் மருந்துக் கடைச் செலவை விடக் குறைவாகவே இருக்கும்.

ஆண்டுதோறும் மே 5 வணிகர் தினத்தில் கடைகளை முழு நாளும் அடைத்துவிட்டு மாநாட்டுக்குப் போகிறோம். உரிமைக்காக ஒரு நாள் கதவைச் சாத்தத் தெரிந்த நமக்கு, உடலுக்காக அரை மணி சாத்துவது முடியாத காரியமா? அடுத்த பொதுக்குழுவில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவர வேண்டும் என்று உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறோம். தீர்மானம் நிறைவேறும் வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. இன்று மதியம் ஒன்றரைக்குத் தூக்குவாளியைத் திறந்துவிடுங்கள்.